ஊருக்கும் காற்றாலைக்கும் நடுவே எத்தனை மீட்டர்? நான்கு விதிகளை எடைபோட்டுப் பார்த்தால்

கயத்தாறு பக்கத்து ஊராட்சி ஒன்றின் வார்டு உறுப்பினர் கேட்டிருந்தார்: “பெரிய காத்தாடி போடணும்னு கம்பெனிக்காரங்க வந்திருக்காங்க. கிராம சபையில தீர்மானம் வைக்கணும். வீட்டுலருந்து எத்தனை மீட்டர் தள்ளி வைக்கச் சொல்லலாம்?” அதே வாரம் உடுமலைப்பேட்டை பக்கமிருந்து ஒரு விவசாயியும் கிட்டத்தட்ட இதையே கேட்டார். அவருக்கு ஊர்க்குள் வீடு கிடையாது, தோட்டத்துக்குள்ளேதான் குடியிருக்கிறார். இருவருக்கும் ஒரே பதிலாகச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். அப்படி முடியவில்லை.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் 1990-களில் வந்த 250 கிலோவாட் காத்தாடிகளை மனதில் வைத்துப் பேசுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். அவற்றில் பலவற்றின் இறக்கை நுனி தரையிலிருந்து 45 மீட்டர் அளவில்தான் சுற்றும். இப்போது வருவது வேறு சாமான். உதாரணத்துக்கு சுஸ்லான் கம்பெனியின் 3 மெகாவாட் எஸ்144. இறக்கைச் சுற்றின் விட்டம் 144 மீட்டர், இறக்கைகள் வந்து சேரும் நடுமையம் 140 மீட்டர் உயரத்தில். நுனி 212 மீட்டரைத் தொடும். கீழே வருகிற கணக்கெல்லாம் இந்த 212 மீட்டரை வைத்துத்தான்.

நம் நாட்டில் இப்போது இருப்பது என்ன? மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல். குடியிருப்பு வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் காற்றாலை கூடாது. சாலை, ரயில் பாதை, பொதுக் கட்டடங்களுக்கு மைய உயரம், இறக்கை விட்டத்தில் பாதி, அதோடு 5 மீட்டர் என்கிறது அது. நம் எஸ்144-க்கு இது 217 மீட்டர். காற்றாலைத் திட்டங்கள் 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வகைப்பாட்டிலும், மாசு ஏறக்குறைய இல்லாதவற்றுக்கான ‘வெள்ளை’ வகைதான். அதாவது அந்த மதிப்பீட்டுக்காக நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பு இதற்குக் கிடையாது. ஊர்க்காரர் வாயைத் திறக்க மிஞ்சியிருக்கும் இடம் கிராம சபையும், கம்பெனி கேட்டு வரும் தடையில்லாச் சான்றும்தான். ஊராட்சி தானாகச் சட்டம் போட முடியாது. ஆனால் சான்று கொடுக்கும்போது நிபந்தனை வைக்கலாம், அதைக் கம்பெனியோடு எழுத்தில் ஒப்பந்தமாகவும் வாங்கலாம். வாய்வார்த்தை ஆடிக் காற்றில் போய்விடும்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொண்டேன்.

- ராத்திரி வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியுமா?
- விதியைப் போட்ட பிறகு காற்றாலை வைக்க நிலம் மிஞ்சுமா? குத்தகைப் பணத்தை எதிர்பார்க்கும் மானாவாரிக்காரரும் ஊர்க்காரர்தானே.
- மீறினால் ஊர்க்காரரே கண்டுபிடிக்க முடியுமா, வெளியாள் வேண்டுமா?
- நாளைக்கு இதைவிடப் பெரிய மெஷின் வந்தாலும் விதி நிற்குமா?
- பின்னால் வீடு கட்ட வருகிறவர்களுக்கு என்ன ஆகும்?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

## 1. நிலையான தூரம்: “500 மீட்டர்”

இதைப்போல எளிய விதி இல்லை. சர்வேயர் சங்கிலி இருந்தால் போதும், எட்டாம் வகுப்புப் பையன் சரிபார்த்துவிடுவான். ஒரு தனி வீட்டைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் போட்டால் சுமார் 194 ஏக்கர் விலகும். கம்பெனிக்கும் பெரிய சிரமமில்லை.

குறை எங்கே என்றால், மெஷின் வளர்ந்தாலும் விதி வளர்வதில்லை. 45 மீட்டர் காத்தாடிக்கும் 500, 212 மீட்டருக்கும் 500. இன்னொன்று, அது மெஷின்களை எண்ணுவதில்லை. பெரிய காற்றாலையின் ஒலித்திறன், அதாவது மெஷினிலிருந்து கிளம்பும் சத்தம், பொதுவாக 105 டெசிபெல்லை ஒட்டி இருக்கும். திறந்த வெளியில் 500 மீட்டர் தள்ளி நின்றால் அது ஏறத்தாழ 43-க்கு இறங்கும். சரி, தாங்கலாம். ஆனால் அதே தூரத்தில் இரண்டு மெஷின் நின்றால் 3 டெசிபெல் கூடும், நான்கு நின்றால் 6 கூடும். ஆக, நான்கு பக்கமும் ‘விதிப்படி’ 500 மீட்டரில் வைத்த நான்கு காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கும் வீட்டில் 49 வரை போகலாம். காற்று உறிஞ்சிக்கொள்வது போகக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நம் ஒலி மாசு விதிகளின்படி (2000) குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45. ஒவ்வொரு மெஷினும் விதியை மதித்தது, வீடு மட்டும் தோற்றது!

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. 2009-ல் பசுமை ஆற்றல் சட்டத்தோடு வந்த ஒழுங்குமுறையில் குறைந்தபட்சம் 550 மீட்டர் என்று வைத்து, மெஷின்களின் எண்ணிக்கையும் சத்தமும் கூடக் கூட அந்தத் தூரமும் கூடும்படி ஓர் அட்டவணை போட்டார்கள். அறிவான ஏற்பாடு. ஆனால் அதே சட்டம் ஊராட்சிகளின் திட்டமிடல் அதிகாரத்தையும் பிடுங்கிக்கொண்டது. கோபம் கிளம்பியது. “எங்களுக்கு விருப்பமில்லை” என்று ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். 2018-ல் சட்டமே நீக்கப்பட்டு, அதிகாரம் ஊர்களுக்குத் திரும்பியது.

தீர்மானத்தில் 500 என்று எழுதுவதாக இருந்தால், எங்கிருந்து எதுவரை என்பதையும் எழுதுங்கள். கோபுரத்தின் நடுவிலிருந்தா, இறக்கை நுனியிலிருந்தா? இதிலேயே 72 மீட்டர் வித்தியாசம். வீட்டுச் சுவர் வரையா, நத்தம் எல்லை வரையா? நத்தத்தில் காலியாகக் கிடக்கும் மனைகளில் நாளை உங்கள் பிள்ளைகள் கட்டுவார்கள்.

## 2. உயரத்தின் மடங்கு: “4 மடங்கு”, “10 மடங்கு”

மெஷின் பெரிதானால் தூரமும் தானாகப் பெரிதாகும். கேட்கவே நியாயமாக இருக்கிறது. டென்மார்க்கில் அண்டை வீட்டிலிருந்து மொத்த உயரத்தின் 4 மடங்கு தள்ளித்தான் வைக்க வேண்டும். ஜெர்மனியின் பவேரியா மாநிலம் 2014 நவம்பரில் 10 மடங்கு என்று கொண்டுவந்தது. போலந்து 2016-ல் அதே 10 மடங்கு.

இந்த எண்களை நம் மெஷினில் பொருத்திப் பார்த்தால் வேறுபாடு புரியும்:

| விதி | தூரம் (212 மீ. மெஷின்) | ஒரு வீட்டைச் சுற்றி விலகும் நிலம் |
|---|---|---|
| மையம் + பாதி விட்டம் + 5 மீ. | 217 மீ. | சுமார் 37 ஏக்கர் |
| நிலையான 500 மீ. | 500 மீ. | சுமார் 194 ஏக்கர் |
| 4 மடங்கு | 848 மீ. | சுமார் 558 ஏக்கர் |
| 10 மடங்கு | 2,120 மீ. | சுமார் 3,490 ஏக்கர் |

4-க்கும் 10-க்கும் நடுவில் தூரம் இரண்டரை மடங்குதான். நிலமோ ஆறு மடங்குக்கு மேல் போகிறது. தீர்மானம் எழுதும்போது “பத்து” என்று சொல்வது சும்மா ஒரு ரவுண்டு எண் மாதிரித் தோன்றும். ஒரே ஒரு வீட்டுக்காக ஒரு வருவாய்க் கிராமமே வட்டத்துக்குள் போய்விடக்கூடிய எண் அது. பவேரியாவில் நடந்ததும் அதுதான். புதிய விண்ணப்பங்கள் அப்படியே படுத்துவிட்டன. அந்த மாநிலத்தின் அரசியல் சாசன நீதிமன்றம் 2016-ல் விதி செல்லும் என்றது. இருந்தும் 2022 நவம்பரில் அரசே தளர்த்தியது. காடு, நெடுஞ்சாலை ஓரம், ரயில் பாதை ஓரம் போன்ற இடங்களில் 1,000 மீட்டர் போதும் என்றானது.

பவேரிய விதியில் இன்னொரு நுணுக்கம் இருந்தது. அது திட்டமிட்ட குடியிருப்புகளையும் சேர்ந்தாற்போல் வீடுகள் உள்ள ஊர்ப் பகுதிகளையும்தான் ‘வீடு’ என்று எண்ணியது. வெளியே தனியாக நிற்கும் பண்ணை வீட்டுக்கு 10 மடங்கு பொருந்தாது. உடுமலைக்காரர் இந்த வரியை இரண்டு முறை படிக்கட்டும். தோட்டத்து வீடு, மோட்டார் ரூமோடு ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை, வீட்டு வரி ரசீது இல்லாத ஓட்டு வீடு, இதெல்லாம் கணக்கில் வருமா என்று எழுதாத விதி, தேவைப்படும் நாளில் உங்களைக் கைவிட்டுவிடும்.

மறைவான செலவு போலந்தில்தான் பளிச்சென்று தெரிந்தது. அவர்களுடைய 10 மடங்கு விதி இரு பக்கமும் வெட்டியது. வீட்டருகே காற்றாலை கூடாது. ஏற்கெனவே நிற்கும் காற்றாலைக்கு அருகே புது வீடும் கூடாது. ஊரைக் காப்பாற்றப் போட்ட விதி, ஊர் வளர வேண்டிய நிலத்தையே பூட்டிவிட்டது. 2023-ல் குறைந்தபட்சம் 700 மீட்டர் என்று மாற்றினார்கள். 500-ஆகக் குறைக்க வந்த சட்டத்தை 2025 ஆகஸ்டில் ஜனாதிபதி நவ்ரோட்ஸ்கி கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். 500-க்கும் 700-க்கும் நடுவிலான 200 மீட்டருக்கு ஒரு நாட்டின் அரசியலே முட்டிக்கொண்டது.

நம் ஊரில் இரு பக்கமும் வெட்டும் விதி கிடையாது. அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. காற்றாலை வந்த பிறகு, அதன் சாலையைக் காட்டியே மனை பிரித்து விற்பவர்கள் வருவார்கள். அங்கே வீடு கட்டியவர் சத்தம் என்று புகார் சொன்னால், “நாங்கள்தானே முதலில் வந்தோம்” என்று கம்பெனி சொல்லும். அதில் நியாயமும் இருக்கும்.

மடங்கு விதிக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நிழல். சுற்றும் இறக்கையின் நிழல் முற்றத்தில் விட்டு விட்டு விழுவதை ஒருமுறை உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது, யாரோ விளக்கை அணைத்து அணைத்துப் போடுவதுபோல முறத்தின் மேல் வந்து வந்து போகும். சூரியன் மறைய முக்கால் மணி நேரம் இருக்கும்போது 212 மீட்டர் மெஷினின் நிழல் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நீளும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இந்த நீள நிழல் பெரும்பாலும் கிழக்கு, மேற்குப் பக்கமாகத்தான் விழும். ஆகவே காற்றாலைக்கு நேர் வடக்கிலோ தெற்கிலோ உள்ள வீட்டுக்கு 500 போதுமாக இருக்கும். நேர் கிழக்கு வீட்டுக்கு 848-ம் போதாது. ஜெர்மனியில் இதற்குத் தனி வரம்பே உண்டு: ஒரு வீட்டின் மேல் ஆண்டுக்கு 30 மணி நேரம், நாளுக்கு 30 நிமிடம். தாண்டினால் அந்த நேரத்தில் மெஷினை நிறுத்தி வைக்க வேண்டும்.

## 3. அளவு வரம்பு: “இரவில் இத்தனை டெசிபெல்”

தூரத்தை விட்டுவிட்டு, வீட்டு வாசலில் என்ன கேட்கிறது என்பதை மட்டும் பார்க்கும் முறை. டென்மார்க்கில் திறந்த கிராமப்புற வீடுகளுக்கு, காற்று விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் அடிக்கும்போது 44 டெசிபெல், 6 மீட்டரில் 42. இதில் முக்கியமானது, சுற்றியுள்ள எல்லாக் காற்றாலைகளின் மொத்தச் சத்தத்துக்கும் சேர்த்துத்தான் இந்த வரம்பு. முதல் விதியின் ஓட்டை இங்கே அடைபடுகிறது. ஜெர்மனியில் கிராமப் பகுதி வீடுகளுக்கு இரவில் 45, பொதுக் குடியிருப்புப் பகுதிக்கு 40.

நியாயம் என்று பார்த்தால் இதுதான் முதலிடம். சத்தம் குறைந்த மெஷின் கொண்டுவருபவர் கொஞ்சம் நெருங்கி வரலாம், இரைச்சல் மெஷின்காரர் தள்ளிப் போக வேண்டும். நிலமும் வீணாகாது. ஆனால் யார் அளப்பது? போனில் இறக்கிய ஆப் இந்த வேலைக்கு ஆகாது. தரம் பார்த்த மீட்டர் வேண்டும், காற்றின் வேகத்தைக் கூடவே பதிய வேண்டும், காற்றாலையை நிறுத்தியும் ஓட்டியும் அளக்க வேண்டும். நிறுத்துவது யார் கையில் இருக்கிறது? கம்பெனி கையில். அளவெடுக்க ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் காத்தாடி பூனை மாதிரி நடக்கும். ஒப்பந்தத்திலேயே ‘ஊராட்சி கேட்டால் ஆண்டுக்கு இத்தனை இரவுகள், கம்பெனி செலவில், வெளி ஆய்வகம் அளக்கும்’ என்ற வரி இல்லாவிட்டால் இந்த விதி வெறும் காகிதம்.

## 4. இடத்தை முன்பே ஒதுக்குவது

தூரம், சத்தம் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் தீர்த்து, “இந்தப் பரப்பில் வை, வேறெங்கும் வேண்டாம்” என்பது. ஜெர்மனி 2023 பிப்ரவரியிலிருந்து இதைக் கட்டாயமாக்கிவிட்டது. 2032-க்குள் நாட்டின் நிலப்பரப்பில் 2 சதவீதத்தைக் காற்றாலைக்கு ஒதுக்கியாக வேண்டும். கொள்கையாகப் பார்த்தால் ஆகச் சிறந்தது. ஆனால் திட்டம் போடவே வருடக்கணக்கில் ஆகும், நீதிமன்றத்தில் அடிபட்டுத் திரும்பவும் செய்யும். எந்தப் பக்கம் ஒதுக்கப்போகிறார்கள் என்ற துப்பு முதலில் நிலத் தரகருக்குத்தான் கிடைக்கும். நம் ஊராட்சிகளுக்கு இதைச் செய்யும் அதிகாரமும் இல்லை, ஆளும் இல்லை. இப்போதைக்கு இது உங்கள் கையில் இருக்கும் வழி அல்ல.

இங்கிலாந்து 2015 ஜூனில் இதைக் கொஞ்சம் திருகிப் போட்டது. உள்ளூர்த் திட்டத்தில் இடம் குறித்திருக்க வேண்டும், அதோடு பாதிக்கப்படும் ஊர்க்காரர்களின் ஆதரவும் வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் ஓரிரு ஆட்சேபணைகளே ஒரு திட்டத்தை முடக்கப் போதுமானதாகிவிட்டன. 2024 ஜூலையில் புதிய அரசு வந்த சில நாட்களிலேயே அதை எடுத்துவிட்டது. ‘ஊர் முழுக்கச் சம்மதித்தால்தான்’ என்று எழுத நினைக்கும் தலைவர்கள் இதைக் கவனிக்கலாம்.

## தூரத்தில் அடங்காத தொல்லைகள்

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு விஷயம். காற்றாலை வந்த ஊர்களில் நான் கேட்ட புலம்பல்களில் பாதிக்கு மேல் சத்தத்தைப் பற்றியதே இல்லை. பாதையைப் பற்றியது. 70 மீட்டர் நீள இறக்கையை ஏற்றிய வண்டி டீக்கடை முக்கில் திரும்ப வேண்டும். அதற்காக வேப்பமரத்தின் பாதி போகும், ஓடையில் மண் கொட்டிக் குழாய் போடுவார்கள். அந்தக் குழாயின் விட்டம் கோடையில் யார் கண்ணிலும் படாது. ஐப்பசியில் தண்ணீர் கண்மாய்க்குப் போகாமல் பருத்திக்காட்டுக்குள் திரும்பும்போது படும். கிரேன் நிற்க இறுக்கிய மேடையில் அப்புறம் உழவு ஓடாது. மின்கம்பி போகும் வழியில் உள்ள நிலக்காரருக்குக் காற்றாலைக் குத்தகை கிடையாது, கம்பம் மட்டும் உண்டு.

ஆகவே எந்தத் தூர விதியைத் தேர்ந்தாலும், ஓடை, வண்டிப்பாதை, கம்பி வழி மூன்றையும் ஊர் வரைபடத்தில் குறித்து, அதன்மேல் கம்பெனியின் கையெழுத்தை வாங்குங்கள். ஆயுள் முடிந்தபின் கழற்றி எடுக்கும் செலவுக்கு வைப்புத்தொகையும் கேளுங்கள்.

பணத்தையும் பேசிவிடலாம். ஜெர்மனியில் 2.5 கிலோமீட்டர் சுற்றுக்குள் உள்ள ஊராட்சிகளுக்கு யூனிட்டுக்கு 0.2 யூரோ சென்ட் வரை கொடுக்கலாம். நம் 3 மெகாவாட் மெஷின் 30 சதவீதத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு சுமார் 79 லட்சம் யூனிட். கிடைப்பது சுமார் 15,800 யூரோ. பிரிட்டனில் வழக்கம் மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு; அதே மெஷினுக்கு 15,000 பவுண்டு. டென்மார்க்கில் உயரத்தின் 6 மடங்குக்குள் வீடு உள்ளவர், விரும்பினால் வீட்டையே கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போகும் உரிமை உண்டு. ஒருமுறை கோயிலுக்கு வர்ணம் அடித்துக் கொடுப்பதோடு நம் ஊர்க் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆண்டுதோறும், யூனிட்டுக்கு இவ்வளவு என்று கேட்டால் யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

## சரி, யாருக்கு எது?

கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கம் வீடுகள் ஊராகக் கூடி நிற்கும். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் கரிசல் மானாவாரி விரிந்து கிடக்கும். அங்கே 4 மடங்கு விதி நன்றாகவே பொருந்தும். நத்தம் எல்லையிலிருந்து 848 மீட்டர் விட்டாலும் நிலம் மிஞ்சும், அளப்பதும் சுலபம். ஊரின் கிழக்கிலும் மேற்கிலும் வரும் மெஷின்களுக்கு நிழல் வரம்பை மட்டும் கூடச் சேர்த்தால் போதும். 10 மடங்கைக் கேட்காதீர்கள். கம்பெனி பக்கத்து ஊராட்சிக்குப் போய்விடும். அங்கே 500 மீட்டரில் வைக்கும் மெஷினின் சத்தம் உங்கள் ஊருக்கும் வரும், பணம் வராது.

உடுமலை, பல்லடம் பக்கம் கதையே வேறு. தோட்டத்துக்கு ஒரு வீடு. எந்த மடங்கைப் போட்டாலும் வட்டத்தின் மேல் வட்டம் விழுந்து வரைபடம் முழுக்க மூடிக்கொள்ளும். உடனே “நடைமுறைக்கு ஒவ்வாது” என்று மொத்தமாகத் தூக்கிப்போட்டு விடுவார்கள். அங்கே 500 மீட்டரைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொண்டு, அதன்மேல் எல்லா மெஷின்களுக்கும் சேர்த்து இரவு 45 டெசிபெல் என்று கேட்பதுதான் நிற்கும். தோட்டத்து வீடுகளின் பட்டியலை சர்வே எண்ணோடு தீர்மானத்திலேயே இணைத்துவிடுங்கள்.

பழைய காத்தாடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரிது வைக்க வருகிறார்கள் என்றால், இரண்டு ஊருக்கும் ஒரு எச்சரிக்கை. “முன்பே இருந்த இடம்தானே” என்பார்கள். 45 மீட்டர் மெஷினுக்கு 4 மடங்கு 180 மீட்டர்தான். அப்போது அது ஊரை ஒட்டி நின்றது சரி. 212 மீட்டருக்கு அந்த இடம் புது இடம்.

ஒரு வேலையைத் தீர்மானத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். காத்தாடி வருவதற்கு முன், காற்று வீசும் ஒரு ஆனி, ஆடி ராத்திரியில் நான்கைந்து வீட்டு வாசலில் மீட்டர் வைத்து அளந்து, தேதி போட்டு ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பனை ஓலையும் தென்னை மட்டையும் அடித்துக்கொள்ளும் சத்தமே அந்த மாதங்களில் கணிசமாக இருக்கும். பின்னால் தகராறு வந்தால் “அது பனைச் சத்தம்” என்றுதான் முதல் பதில் வரும். பனை மட்டும் இருந்த இரவின் கணக்கு அப்போது உங்கள் கையில் இருக்கட்டும்.